இருபத்தாறு வேலை செய்யவில்லை

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குள் காவ்யஸ்ரீயின் மேசையில் இருந்த சோதனைக்குழாய்கள் அத்தனையும் ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டன. அவை மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருக்கு" என்றாள் பாண்டிமீனா. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனவள், பக்கத்து மேசைக்காரி.

"வாயை மூடு."

"பன்னீர் சொம்பு மட்டும்தான் பாக்கி."

காவ்யஸ்ரீ ஒவ்வொரு குழாயாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்ததால் எதுவும் மஞ்சளாகிவிடவில்லை.

வயலில் போடும் யூரியாவில் கணிசமான பங்கு பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. அந்த நொதியின் நடுவில் இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன. வேலையைச் செய்வது அவைதான். அந்த நிக்கலைப் போய்ப் பற்றிக்கொள்ளும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்ய முடிந்தால் நொதி சும்மா இருக்கும், யூரியா மண்ணிலேயே தங்கும். நான்கு வருடமாகக் காவ்யஸ்ரீ செய்துகொண்டிருந்தது இதைத்தான். காகிதத்தில் வரைவாள். நொதியின் பள்ளத்துக்குள் அது பொருந்துகிறதா என்று கணினியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு குடுவையில் செய்வாள். செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எட்டு மட்டும் கிடையாது. அவளுடைய பேராசிரியர் சிவசங்கரனுக்கு எட்டு ஆகாது, அவருடைய லேப்பில் ஏழுக்கு அடுத்தது ஒன்பது.

சோதனை எளிமையானது. கீழமாசி வீதிக் கடையில் வாங்கிய கொள்ளை அரைத்து வடிகட்டினால் யூரியேஸ் கிடைக்கும். அதோடு யூரியாவும் ஒரு நிறங்காட்டியும் சேர்த்தால், அம்மோனியா வர வர மஞ்சள் கரைசல் ரோஜாவாகும். நொதியை அடக்கிவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். இருபத்தைந்து வரைக்கும் எல்லாமே ரோஜாதான். அக்டோபரில் செய்த இருபத்தாறு மட்டும் பகல் முழுக்க மஞ்சளாக நின்றது. அன்று சிவசங்கரன் லேப்புக்கே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

செய்தி நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணியல் பார்க்கும் ரோகிணிக்குப் போனது. தொட்டிகளில் மக்காச்சோளம் போட்டுப் பார்க்கலாம், ஐந்து கிராம் வேண்டும் என்றார். அக்டோபரில் செய்தது ஒரு சிட்டிகைதான். அதனால் காவ்யஸ்ரீ இந்த வாரம் பெரிய குடுவையில் புதிதாகச் செய்தாள். வரும் சனிக்கிழமை ரோகிணி வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. திங்கள்கிழமை விதைப்பு. இருபத்தாறுதான் அவளுடைய ஆய்வேட்டின் நடு அத்தியாயம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேலை செய்யாத மூலக்கூறுகளின் பெயர்ப்பட்டியல்.

இப்போது அந்தப் புது இருபத்தாறுதான் ரோஜாவாக நின்றது.

சிவசங்கரன் வந்தார். நெற்றியில் காலை வைத்த விபூதி கலையாமல் இருந்தது. குழாய்களைப் பார்த்தார், காவ்யஸ்ரீயைப் பார்த்தார்.

"கொள்ளுக்கடையை மாத்துனியா?"

"இல்ல சார், அதே கடை."

"கொள்ளு மேல தப்பு இருக்காது சார்" என்றாள் பாண்டிமீனா. "பழைய சரக்குல கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல, அதை இதே கொள்ளுல போட்டுப் பார்த்தோம். மஞ்சளாத்தான் நிக்குது."

"அப்ப புதுசு சரியா செய்யல. திரும்பச் செய்." அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "சனிக்கிழமை அந்தம்மா வந்து நிக்கிறப்போ நான் என்னத்தைக் காட்டுறது, கல்யாண மண்டபத்தையா?"

"சாருக்குக் காது நல்லாக் கேக்குதுக்கா" என்றாள் பாண்டிமீனா, அவர் போனபின்.

திரும்பச் செய்தாள். ஒவ்வொரு சொட்டாக விட்டாள். தெப்பக்குளத்துப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம் அவளுடையது. நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறவள், சொட்டு எண்ணும்போது மட்டும் உதடு வீட்டு மொழிக்குப் போய்விடும். அவள் அப்படி எண்ணும்போது லேப்பில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், எண்ணிக்கை தப்பினால் யார் தலையில் விடியும் என்று தெரியாததால். வெள்ளிக்கிழமை காலை புதுச் சரக்கு உலர்ந்து தயாராக இருந்தது. நொதியில் போட்டாள். கால்மணி நேரத்தில் ரோஜா.

"அக்கா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க" என்றாள் பாண்டிமீனா. "பழசு கொஞ்சம் பச்சையடிக்குது."

வைத்துப் பார்த்தார்கள். புதியது கடலைமாவு மாதிரி சுத்த மஞ்சள். பழையது பழுக்கத் தொடங்கிய நார்த்தங்காயின் நிறம். காவ்யஸ்ரீக்கு இது தெரியாமல் இல்லை. பழைய சரக்கின் நிறம்தான் இருபத்தாறின் நிறம், புதியது ஏதோ குறைப்பிரசவம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது முதல்முறையாக அதைத் திருப்பி நினைத்துப் பார்த்தாள். புதியதுதான் சுத்தமோ?

அக்டோபரில் பழைய சரக்கை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்தக் கருவியில் வைத்து எடுத்த படத்தில் கோடுகள் கூர்மையாக இல்லாமல் மழையில் நனைந்த எழுத்துப்போலப் பரவிக் கிடந்தன. மெஷின் பழசு என்று எல்லோரும் சொன்னார்கள். மெஷின் நிஜமாகவே பழசு. ஆகவே யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஆனால் சில உலோகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோடு அப்படித்தான் பரவும். பாடத்தில் படித்தது.

கம்பி வளையத்தை அமிலத்தில் தோய்த்து, புதிய மஞ்சள் பொடியைத் தொட்டு, பர்னரில் காட்டினாள். விசேஷமாக ஒன்றும் இல்லை. வளையத்தைச் சுத்தம் செய்து பழைய பொடியைத் தொட்டுக் காட்டினாள். தீயின் ஓரம் பளீரென்று பச்சையானது.

"அய், மத்தாப்பு!" என்றாள் பாண்டிமீனா. பிறகு காவ்யஸ்ரீயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாமிரமாக்கா?"

"தாமிரம்தான்."

காவ்யஸ்ரீ பர்னரை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். யூரியேஸைத் தாமிரம் சுலபமாக முடக்கிவிடும், துளி போதும். அக்டோபரில் குழாயை மஞ்சளாக நிறுத்தி வைத்தது அவளுடைய மூலக்கூறு இல்லை. அதில் ஒட்டிக்கொண்டு வந்த தாமிரம்.

"ஆனா தாமிரம் எங்கேயிருந்து வந்துச்சு? நீங்க அதைத் தொடவே இல்லையே" என்றாள் பாண்டிமீனா.

தொடவில்லை. மருந்துப் புட்டிகளை வரிசையாக இறக்கிப் பார்த்தார்கள். கரண்டி எஃகு. குடுவை கண்ணாடி. கலக்கும் காந்தத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை. ஒன்றிலும் தாமிரம் கிடையாது. பாண்டிமீனா ஒரு கட்டத்தில் காவ்யஸ்ரீயின் விரலில் இருந்த மோதிரத்தையே சந்தேகமாகப் பார்த்தாள்.

"என்னடி பாக்குற? இது தங்கம்."

"தங்கத்துலயும் செம்பு கலப்பாங்கல்ல."

"எங்கம்மா காதுல விழுந்துச்சு, உன்னைத் தொலைச்சிரும்."

"சரி, விடுங்க. பழசை என்னைக்குச் செஞ்சீங்க?"

"விஜயதசமி."

அது சிவசங்கரனின் லேப்பில் எழுதப்படாத சட்டம். ஆயுத பூஜை சாயங்காலம் தராசு, பம்ப், கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் விடுமுறையானாலும் ஆளுக்கொரு புது வினையைத் தொடங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போன வருடம் பாண்டிமீனா அன்று தொடங்கியது தார்போல ஆகிவிட்டது. அதனாலும் சட்டம் மாறவில்லை.

"அன்னைக்குக் கரண்டு இல்லையே" என்றாள் பாண்டிமீனா, ஞாபகம் வந்தவளாக. "பராமரிப்புன்னு சொல்லிக் காலையில நிறுத்திட்டாங்க. தண்ணி வடிக்கிற மெஷின் ஓடவே இல்ல. நான் கழுவத் தண்ணி இல்லாம சும்மா உக்காந்திருந்தேன். நீங்க எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

காவ்யஸ்ரீ கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்தாள்.

கலசம்.

பூஜைக்குச் சிவசங்கரன் வீட்டிலிருந்து ஒரு தாமிரச் சொம்பு வந்திருந்தது. மதுரையின் போர்த் தண்ணீர் உப்பு என்று, கலசத்துக்கு லேப்பின் இரண்டு முறை வடித்த தண்ணீரையே ஊற்றினார்கள். சாமிக்கு அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த ஊரில் கிடைக்காது என்று அன்று சிரித்துக்கொண்டே சொன்னது யார் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. மறுநாள் கழுவத் தண்ணீர் இல்லாமல் அவள் நின்றபோது, கலசத்தைக் காட்டி, "அதைக் கீழ ஊத்தாதம்மா, டபுள் டிஸ்டில்டு, தீர்த்தமும் ஆச்சு. அதுலயே கழுவிரு" என்று சொன்னவரும் அவரேதான். சொம்புத் தண்ணீர் முழுவதையும் அவள் பொடியின் மேல் ஊற்றிக் கழுவினாள். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளவென்றே வரைந்து, செய்து, கைகளை விரித்து வைத்த மூலக்கூறு. கிடைத்த தாமிரத்தை அது விட்டுவைக்குமா?

பாண்டிமீனா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சாரே சொன்னாரா?"

"சாரே."

"அக்கா, இதை நீங்க சாருகிட்ட சொல்றப்போ நானும் இருக்கணும். லீவு போட மாட்டேன்."

காவ்யஸ்ரீக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "நாளைக்கு மேடம் வாராங்க. அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"எதுக்குச் சொல்லணும்? மயில் துத்தமும் தாமிர உப்புதானே, இம்புட்டு எடுத்து இருபத்தாறோட கலந்து, பழசு மாதிரியே பச்சையாக்கிக் குடுத்துருவோம். வேலை செய்யுமா செய்யாதா?"

"செய்யும்."

"அப்புறம் என்ன?"

"துத்தம் மட்டுமே அந்த வேலையைச் செய்யுதுன்னா நான் எதுக்குடி? மேடம் உரக்கடையிலேயே வாங்கிக்கலாமே."

அதைச் சொன்ன பிறகு சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பழைய பொடியில் இருந்திருக்கும் என்று கணக்கிட்ட அளவுக்குத் துத்தத்தை மட்டும் நொதியில் போட்டாள். மஞ்சளாக நின்றது. அசையவே இல்லை. பாண்டிமீனாவும் இப்போது கேலி பேசவில்லை. நான்கு வருடத்து வரைபடங்கள் ஒரு பக்கம், எந்த ஊர் உரக்கடையிலும் கிடைக்கும் நீலப் படிகம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே வேலை.

சாப்பாட்டு நேரத்தில் காவ்யஸ்ரீ டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்:

"மீனா, உங்க ஊர் கரிசல் மண்ணுதானே?"

"திருமங்கலத்துக்கு அங்கிட்டு முழுக்கக் கரிசல்தான். ஏன்?"

"சோதனைக்குழாய்க்குள்ள மண்ணு கிடையாது. மண்ணுல துத்தத்தைப் போட்டா கரிசலும் அதுல இருக்குற சுண்ணாம்பும் தாமிரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நொதிகிட்ட போகவிடாது. ஆனா இருபத்தாறு கெட்டியாப் பிடிச்சிருக்கிற தாமிரத்தை மண்ணால பிடுங்க முடியலன்னா?"

பாண்டிமீனா இதை ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப இருபத்தாறு பிடிக்க வேண்டியது நிக்கலை இல்ல. தாமிரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போயி நொதிகிட்ட விடணும்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"சாயங்காலம் ஊருக்குத்தான் போறேன். எம்புட்டு வேணும்?"

"ஒரு கிலோ போதும்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாண்டிமீனா ஜவுளிக்கடைப் பை ஒன்றில் நாலைந்து கிலோ மண்ணோடு வந்தாள். மண்ணை எதற்கு எடுக்கிறாள் என்று கேட்ட அவளுடைய அப்பா, ஆராய்ச்சிக்கு என்றதும் ஒரு கிலோ கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துவிட்டாராம்.

நான்கு குடுவைகளில் மண்ணும் தண்ணீரும் யூரியாவும் போட்டார்கள். முதலாவதில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவதில் இருபத்தாறு மட்டும். மூன்றாவதில் துத்தம் மட்டும். நான்காவதில் இருபத்தாறையும் துத்தத்தையும் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலை காவ்யஸ்ரீ செய்து வைத்த பச்சைப் பொடி. அது கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் கழுவியது. ஒவ்வொரு குடுவையின் தக்கையிலும் நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைத் தொங்கவிட்டார்கள். அம்மோனியா எழும்பினால் தாள் நீலமாகும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ரோகிணி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். காட்டன் புடவை, கையில் வெள்ளை பிளாஸ்டிக் புட்டி, அதை ஒட்டி ஒரு மார்க்கர் பேனா. பின்னாலேயே சிவசங்கரனும் வந்தார்.

"எங்கம்மா என் அஞ்சு கிராம்?" என்றார் ரோகிணி, புட்டியை மேசையில் வைத்து. அதில் 26 என்று அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

காவ்யஸ்ரீ எழுந்து நின்றாள். "மேடம், இருபத்தாறு வேலை செய்யல."

சிவசங்கரன் அவளைப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் லேப்பில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருப்பது அவருக்குப் புதிது. அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்: பழைய சரக்கில் தாமிரம் இருந்தது, வேலையைச் செய்தது அதுதான், சுத்தமான இருபத்தாறு ஒன்றும் செய்யவில்லை.

"தாமிரமா? என் லேப்லயா?" என்றார் சிவசங்கரன். "எப்படி வரும்?"

"கழுவின தண்ணியில சார். தாமிரப் பாத்திரத்துத் தண்ணி."

"எந்த அறிவாளிம்மா தாமிரப் பாத்திரத்துத் தண்ணியில கழுவச் சொன்னது?"

பாண்டிமீனா ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை மிகுந்த அக்கறையோடு கவனிக்கத் தொடங்கினாள்.

"விஜயதசமி அன்னைக்கு சார்" என்றாள் காவ்யஸ்ரீ மெதுவாக. "கலசத் தண்ணி. கீழ ஊத்த வேண்டாம்னு…"

சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் வைத்தது பழக்கத்தால்தான்.

"விஜயம், ஆயுத பூஜைக்கு ஒரு சொம்பு குடுத்துவிட்டியே, அதை எதைப் போட்டு வெளக்குன?"

"புளியும் உப்பும் போட்டுத்தான். ஏங்க?"

"நல்லாக் கழுவுனியா? புளிப்பு ஒட்டியிருந்தா தாமிரம் தண்ணியில எறங்கிரும்."

"கழுவினேன். பளபளன்னு இருக்கட்டும்னு கடைசியா எலுமிச்சந்தோலால ஒரு தேய் தேய்ச்சு, அப்படியே குடுத்துவிட்டேன். சாமிக்குத்தானே." குரல் சட்டென்று மாறியது. "ஐயய்யோ, யாராச்சும் குடிச்சிட்டாங்களா?"

"இல்ல. கொள்ளுதான் குடிச்சிருக்கு" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

முதலில் சிரித்தது ரோகிணி. அவருக்குப் பிறகு பாண்டிமீனாவால் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிவசங்கரன் கடைசியில் சிரித்தார். ஆனால் சிரிக்கத் தொடங்கியவர் சீக்கிரம் நிறுத்தவில்லை.

"சரி சார்" என்றார் ரோகிணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிரிப்பு இருக்கட்டும். திங்கக்கிழமை என் தொட்டிக்கு என்ன போட? துத்தம்தான் சரக்குன்னா என்கிட்டேயே மூட்டை இருக்கு."

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம் மேடம்" என்று காவ்யஸ்ரீ தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள்.

நால்வரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முதல் குடுவையின் தாள் ஏற்கெனவே நீலம். இரண்டாவதும் நீலம், இருபத்தாறு தனியாக மண்ணிலும் ஒன்றும் செய்யவில்லை. காவ்யஸ்ரீ அதை எதிர்பார்த்திருந்தாள். மூன்றாவது குடுவையின் தாள் இன்னும் சிவப்பு. நான்காவதும் சிவப்பு.

"ரெண்டும் ஒண்ணுதான் போலருக்கே" என்றார் சிவசங்கரன்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் பாண்டிமீனா. அப்படி அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் பொறுத்தார்.

டீ வந்தது. யாரும் உட்காரவில்லை. ரோகிணி ஒரு கையில் டம்ளரோடு குனிந்து, மூன்றாவது தக்கையின் அடியில் பார்த்தார். "ஓரத்துல…" என்றார். தாளின் கீழ்முனையில் ஒரு நீலக்கீற்று. அது மேலே ஏறியது. டீ ஆறுவதற்குள் தாள் பாதி நீலமாகிவிட்டது. துத்தத்தைக் கரிசல் மண் தின்றுவிட்டது.

நான்காவது தாள் சிவப்பாகவே இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் சிவப்பு. ரோகிணி அந்தக் குடுவையின் தக்கையைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார். மண் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை.

காவ்யஸ்ரீ தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. எண்ண எதுவும் இல்லை. ஆனாலும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு வேணும்" என்றார் ரோகிணி. "ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். தாமிரம் மண்ணுல சேந்துக்கிட்டே போனா நல்லதில்ல. எம்புட்டுக் குறைச்சலாப் போட்டா வேலை செய்யும்னு நீ கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் இதைத் தொட்டியைத் தாண்டி விடமாட்டேன். துத்தம் மட்டும் போட்ட தொட்டியும் பக்கத்துலயே வைப்பேன்."

"வைங்க மேடம். வைக்கணும்."

"நிக்கலைப் பிடிக்கும்னு நாம எழுதுனது?" என்றார் சிவசங்கரன்.

"அதை எடுத்துரலாம் சார். அத்தியாயம் முழுக்கத் திரும்ப எழுதணும்."

"எழுது" என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "தாமிரம் எப்படி வந்துச்சுன்னும் எழுது. வீட்டம்மா பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

வேலை செய்யாது என்று ஒதுக்கிய மஞ்சள் பொடி ஐந்து கிராமுக்கு மேலேயே இருந்தது. காவ்யஸ்ரீ அதைக் கரைத்தாள். பாண்டிமீனா துத்தத்தை நிறுத்துக் கரைத்துக் கொடுத்தாள். நீலம் மஞ்சளில் விழுந்த இடத்தில் பச்சை திரண்டு, புகைபோலச் சுழன்று, அடியில் படிந்தது. ரோகிணி போகாமல் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடிகட்டி, கழுவி, பம்ப் வைத்து உலர்த்த ஒரு மணி நேரம் ஆனது. அப்போதும் பொடி கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

அதைப் புட்டியில் போட்டு ரோகிணியிடம் கொடுக்கப்போன காவ்யஸ்ரீ, புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"மேடம், பேனாவைக் குடுங்க."

"ஏன்?"

"இது இருபத்தாறு இல்ல. அது வேலை செய்யாதுன்னு இப்பத்தானே சொன்னேன்." ஆறை அடித்து, பக்கத்தில் ஏழு என்று எழுதினாள். "இது இருபத்தேழு. மூடியை இறுக்காதீங்க, இன்னும் காயணும். சாய்க்கவும் கூடாது."

ரோகிணி புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜீப்பில் ஏறி அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னார்.